மிளகு வளர்த்த ராஜ்ஜியம்

குமரி மாவட்டத்துப் புதுக்கடைக்குக் குளச்சல் பக்கம்தான். 1741-இல் அங்கே டச்சுக்காரர்களைத் தோற்கடித்த திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவை வீரராகவே படித்துவிட்டோம். மிளகைப் பற்றி யார் பேசினார்கள்? காயங்குளம், அம்பலப்புழை என்று அவர் வடக்கே நாடு பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். மிளகு விற்பனை அரசின் கைக்கு வந்தது, அந்தப் பணம் படையைப் பெருக்கியது, குளச்சலில் தோற்றுப்போன டச்சுத் தளபதி டிலனாயே அதற்குப் பயிற்சி கொடுத்தார். 1750-இல் மன்னர் நாட்டையே பத்மநாபசாமிக்கு எழுதிவைத்தார். அதன்பிறகு எதிர்த்தால் சாமி குத்தம் அல்லவா! கெட்டிக்காரர்தான். ராஜ்ஜியம் வடக்கே நீள நீள, தலைநகரும் பத்மநாபபுரத்தை விட்டுத் திருவனந்தபுரம் போயிற்று; தெற்கே தமிழ் பேசியவர்கள் ஓரத்துச் சிறுபான்மை ஆனார்கள். 1954 ஆகஸ்ட் 11-இல், தமிழகத்தோடு சேரவேண்டும் என்று போராடியவர்களைப் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் போலீஸ் சுட்டது. 1956 நவம்பர் 1-இல் நான்கு தாலுகாக்கள் இந்தப் பக்கம் வந்தன. போராடியவர்கள் கேட்ட தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றுவிட்டன.