கடைசிக் கதவின் காவலர்

கலியாண வீட்டிலே மாப்பிள்ளையைப் பார்ப்பவர் பலர். மணமகளின் கூறையைப் பார்ப்பவர் அதனினும் பலர். பந்தி முடிந்து விருந்தினர் யாவரும் போனபின், விளக்கணைத்துக் கதவைப் பூட்டிச் செல்பவரை எவரும் பார்ப்பதில்லை. பூட்ட மறந்தால் மட்டும் மறுநாள் ஊரெல்லாம் அவர் பெயரே பேச்சாயிருக்கும். இத்தகைய தொழிலொன்றை இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்த கொரியர் ஒருவரைப் பற்றி இவ்வாரம் சொல்ல எண்ணுகிறோம். அவர் பெயர் ஓ சுங் ஹ்வான். 1982 இற் பிறந்தவர். பேஸ்போல் பந்து வீச்சாளர்.

பேஸ்போல் ஆட்டம் ஒன்பது சுற்றுகளைக் கொண்டது. ஆட்டத்தைத் தொடங்கும் வீச்சாளர் களைத்ததும் மாற்று வீச்சாளர் வருவார். தம் கட்சி சில ஓட்டங்களே முன்னிற்கும் வேளையிற் கடைசிச் சுற்றுக்கு வந்து, அந்த வெற்றி கைநழுவாது காப்பவருக்குச் 'சேவ்' என்றொரு கணக்கு எழுதப்படும். பிறர் எட்டுச் சுற்றுகளிற் பாடுபட்டுச் சேர்த்ததைப் பத்து நிமிடத்தில் இழந்துவிடக்கூடிய வேலை அது.

கல்லூரி நாட்களிலேயே முழங்கையிற் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர் ஓ. 2005 இல் தேகு நகரத்துச் சாம்சங் லயன்ஸ் கழகத்திற் சேர்ந்து, அவ்வாண்டே சிறந்த புதுமுக வீரர் என்ற பரிசைப் பெற்றார். மறு ஆண்டு 47 சேவ்கள். 2011 இலும் அதே 47. அந்த ஆண்டு ஒரு தோல்வியேனும் அவர் கணக்கில் இல்லை. அவர் வீசிய வேகப்பந்தைக் கொரியர் 'கல் நேர்ப்பந்து' என்றனர். வென்றபோதும் தோற்றபோதும் மாறாத அவர் முகத்தைக் கண்டு 'கற்புத்தர்' என்று பட்டமுஞ் சூட்டினர். கடைசிச் சுற்றில் மணியோசை கேட்டால், ஓ வருகிறார் என்று தேகு மைதானம் எழுந்து நிற்கும்.

2014 இல் ஜப்பானின் ஹான்ஷின் டைகர்ஸ் கழகம் அவரை அழைத்தது. ஈராண்டில் 80 சேவ்கள். 2016 இல் அமெரிக்காவின் சென் லூயிஸ் கார்டினல்ஸ் கழகத்திற் சேர்ந்தபோது அவருக்கு அகவை முப்பத்து மூன்று. முதலிற் பிறருக்குத் துணையாக முன்சுற்றுகளில் வீசினார். ஆண்டின் நடுவில் கடைசிச் சுற்று அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. பின்னர் ரொறன்ரோவிலும் கொலராடோவிலும் ஆடி, வட அமெரிக்க மண்ணில் 42 சேவ்களைச் சேர்த்தார்.

நிற்க. கல்லென்று பெயர் பெற்றவரும் மனிதரே அன்றோ! வெளிநாட்டிற் சூதாடுவதையுங் கொரியச் சட்டம் குற்றமெனவே கொள்கிறது. மக்காவுக்குச் சென்று சூதாடியதற்காக 2016 இல் அவருக்குத் தண்டப்பணம் விதிக்கப்பட்டது. கொரியாவுக்கு மீண்டால் 72 ஆட்டங்களுக்கு விலக்கி வைக்கப்படுவார் என்று அந்நாட்டுப் பேஸ்போல் நிர்வாகமுந் தீர்மானித்தது. களத்திலே எத்தனையோ ஆட்டங்களைக் காத்தவர், களத்துக்கு வெளியே தம்மைக் காத்துக்கொள்ளத் தவறிவிட்டார்.

2019 ஓகஸ்ட் மாதம் பழைய கழகத்துக்கே மீண்டார். தண்டனை நாட்களைக் கழித்து, முழங்கையில் மறுபடியுஞ் சத்திரசிகிச்சை பெற்று, 2020 ஜூன் மாதம் களமிறங்கினார். முப்பத்தொன்பதாம் அகவையில், 2021 இல், 44 சேவ்களுடன் கொரியாவில் முதலிடம் பெற்றார். 2023 ஒக்டோபரில், கொரியக் களத்தில் 400 சேவ்களைத் தொட்ட முதல்வர் ஆனார். புகழின் உச்சியிற் செய்த பிழைக்கு, புகழ் தேயும் அகவையில் உழைத்து ஈடு செய்தார் எனலாம்.

காலம் எவரையும் விட்டதில்லை. 2025 இல் அவருக்கு ஒரு சேவ் கூடக் கிட்டவில்லை. அவ்வாண்டு செப்டெம்பர் 30 ஆம் நாள் தேகு மைதானத்தில் விடைபெறும் ஆட்டம். ஒன்பதாஞ் சுற்றிற் பழைய மணி ஒலித்தது. எதிரே துடுப்பேந்தி நின்றவர், ஒரு காலத்தில் அதே கழகத்தில் அவருடன் ஆடிய சோய் ஹியுங் வூ. அவரை ஆட்டமிழக்கச் செய்துவிட்டு ஓ பந்தைக் கைவிட்டார். அந்தக் கடைசிப் பந்துக்குச் சேவ் எதுவும் எழுதப்படவில்லை. கொரியாவில் 427, மூன்று நாடுகளிலுஞ் சேர்த்து 549 என்று கணக்கு முடிந்தது. அவர் அணிந்த 21 ஆம் இலக்கத்தை இனி எவருக்கும் வழங்குவதில்லை என்று கழகம் ஓய்வு கொடுத்தது.

நம் இல்லங்களிலுங் கடைசிக் கதவைப் பூட்டுவோர் இருக்கின்றனர். அவர்களுக்குக் கணக்கெழுதுவார் எவருமில்லை. ஒரு நாள் அவர்கள் பூட்ட மறந்தால், அந்த ஒரு நாளைக் கொண்டே அவர்களை அளந்துவிடாதிருப்போமாக. மறுநாளும் அக்கதவண்டை வந்து நிற்கின்றார்களா என்பதன்றோ பார்க்கத்தக்கது!