சட்டம் தெரிந்துகொள்வோம்: லாக்கப்பில் இருப்பவரும் மனிதரே



“போலீஸ் பிடித்துவிட்டால் இனி நம் கையில் ஒன்றுமில்லை” என்று ரிங்லெட் முதல் பிரிஞ்சாங் வரை தோட்டத்து லயங்களில் பலரும் நினைக்கிறார்கள். அது சரியல்ல.

நம் நாட்டு அரசியலமைப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்வதைக் கேளுங்கள். கைதானவருக்குக் காரணத்தைக் கூடிய விரைவில் சொல்ல வேண்டும். அவர் விரும்பும் வழக்கறிஞரைச் சந்திக்க விட வேண்டும். பொதுவான குற்ற வழக்குகளில் 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் மட்டும் இதில் சேராது. அதற்கு மேல் வைத்திருக்க மாஜிஸ்திரேட்டின் உத்தரவு தேவை. தாம் இருக்குமிடத்தை வீட்டாருக்குத் தெரிவிக்கவும் 2007 முதல் சட்டம் இடமளிக்கிறது.

“தப்புச் செய்தவனுக்கு உரிமை என்ன வேண்டிக் கிடக்கிறது?” என்பார்கள் சிலர். தப்புச் செய்தாரா என்று தீர்மானிப்பதும் தண்டிப்பதும் நீதிமன்றத்தின் வேலை. லாக்கப்பில் அடிப்பது யாருடைய வேலையும் அல்ல.

2009 ஜனவரியில், 22 வயது அ. குகன் சுபாங் ஜெயா தைப்பான் காவல் நிலையத்தில் இறந்தார். நுரையீரலில் நீர் கோத்ததே காரணம் என்றது முதல் பிரேதப் பரிசோதனை. குடும்பத்தார் ஏற்கவில்லை, இரண்டாவது பரிசோதனை கேட்டார்கள். பலத்த அடியால் தசைகள் சிதைந்து சிறுநீரகம் செயலிழந்தது அப்போதுதான் வெளிவந்தது. தாயார் இந்திரா வழக்குத் தொடுத்தார். 2013 ஜூனில் உயர்நீதிமன்றம் 8 லட்சம் வெள்ளிக்கு மேல் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. போன பிள்ளை திரும்பவில்லை. ஆனால் அந்தத் தாய் கேட்டிராவிட்டால் உண்மையும் வெளிவந்திராது.

ஆகவே, வீட்டில் ஒருவர் கைதானால் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடாதீர்கள். அன்று பெரட்டுக்குப் போகாவிட்டாலும் சரி, உடனே காவல் நிலையம் போங்கள். எந்த அதிகாரி விசாரிக்கிறார், எப்போது மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவார்கள் என்று பணிவாகக் கேட்டு, பெயரையும் நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். நீரிழிவோ ஆஸ்துமாவோ இருந்தால் அதை அதிகாரியிடம் சொல்லி, மருந்தையும் கொண்டுபோய்க் கொடுங்கள். அடிபட்டிருந்தால் மாஜிஸ்திரேட்டிடமே வாய்திறந்து சொல்லும்படி அவரிடம் கூறுங்கள். வழக்கறிஞருக்குப் பணமில்லையா? 2012 முதல் தேசிய சட்ட உதவி அறக்கட்டளை மலேசியக் குடிமக்களுக்கு உதவி வருகிறது. ‘சுஹாகாம்’ என்னும் மனித உரிமை ஆணையத்திடமும் புகார் செய்யலாம்.

படித்த பிள்ளை ஒருவரிடம் இதைக் கொடுத்து, லயத்தில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.