நேர் வண்டியும் மாறும் வண்டியும்

மதுரையிலிருந்து தில்லிக் கண்காட்சிக்குச் சேலை மூட்டைகளுடன் புறப்படும் நெசவாளர் அங்கத்தினருக்கு இரண்டு வழிகள் உண்டு. நேராகச் செல்ல விரும்பினால் திருக்குறள் எக்ஸ்பிரஸும் சம்பர்க் கிராந்தியும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வாரத்தில் இரு நாட்களே. இல்லையேல் எழும்பூரில் இறங்கி, சென்ட்ரலுக்குச் சென்று, நாள்தோறும் புறப்படும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸைப் பிடிக்க வேண்டும். நாள்தோறும் வண்டி இருக்கையில் நேர் வண்டி எதற்கு என்று கேட்போர் உளர். வெறுங்கையுடன் பிரயாணம் செய்வோருக்கு அது பொருந்தலாம். நம் அங்கத்தினருக்குப் பொருந்தாது.

எழும்பூருக்கும் சென்ட்ரலுக்கும் இடையே சுமார் 2 கிலோமீட்டர்தான். மெட்ரோ ரயிலும் உண்டு. ஆயினும் நான்கு மூட்டைகளுடன் படியேறி இறங்குவது எத்தகையது என்பதை மூட்டை சுமந்தவரே அறிவர். கூலியும் ஆட்டோவும் தனிச் செலவு. மேலும், தூரம் கூடக்கூட கிலோமீட்டருக்குரிய ரயில் கட்டணம் குறையும் வகையில் கட்டண முறை அமைந்துள்ளது. பிரயாணத்தை இரண்டாக வெட்டினால் அச்சலுகை குறைகிறது. முன்பதிவுக் கட்டணமும் இருமுறை கட்ட நேர்கிறது.

முதல் வண்டி தாமதித்தால் என்ன செய்வது? 2019 ஏப்ரல் முதல் இரண்டு சீட்டுகளை இணைத்துக்கொள்ள விதி உண்டு. அடுத்த வண்டி தவறினால், பிரயாணம் செய்யாத பகுதிக்குரிய பணம் திரும்பக் கிடைக்கும். நல்ல விதியே. ஆனால் மறுநாள் வண்டியில் இடம் தருவதாக அது கூறவில்லை. கண்காட்சியோ நமக்காகக் காத்திராது.

விளைபொருள் அனுப்புவோர் நிலை இதனினும் கடினம். மீட்டர் பாதையும் அகலப் பாதையும் சந்தித்த ஊர்களில் முன்பு சரக்கை இறக்கி மறு வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. காயும் பழமும் அங்கேயே நசுங்கின. 1992-இல் தொடங்கிய ஒரே பாதைத் திட்டத்தால் அத்தொல்லை பெரும்பாலும் நீங்கிற்று. பாதை ஒன்றான பின்னும் சரக்கு வழியில் வண்டி மாறுவானேன்?

நேர் வண்டிக்கும் குறை உண்டு. 2,500 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் வண்டி வடக்கே எங்கோ தாமதித்தால் திருச்சியிலும் அது தெரியும். கூடுதல் பெட்டித் தொகுதிகளும் வேண்டும். எனினும், இருக்கும் இரு வண்டிகளுள் ஒன்றையேனும் பார்சல் பெட்டியுடன் நாள்தோறும் விடுமாறு கேட்பது பேராசையன்று என்பது நம் அபிப்பிராயம்.

மகஜர் அனுப்பும் சங்கங்கள் கையெழுத்துகளோடு நின்றுவிடாமல், சென்ற ஓராண்டில் வடக்கே அனுப்பிய மூட்டைகள் எத்தனை, பிரயாணம் செய்த அங்கத்தினர் எத்தனை பேர், வழியில் மாறியதற்கான செலவு எவ்வளவு என்ற கணக்கையும் இணைத்தல் வேண்டும். நாம் தணிக்கைக்குச் செல்லும் சங்கங்களின் சரக்கு அனுப்புப் பதிவேட்டிலும் பயணப்படிச் சீட்டுகளிலும் இக்கணக்கு ஏற்கெனவே இருக்கிறது.