அருவி ஓசை வேண்டும். அடுத்த அறை ஓசை வேண்டாம்!

ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கினால் குற்றாலத்தில் விடுதிகள் நிரம்பிவிடும். பேரருவியில் குளித்து, ஐந்தருவிக்கும் போய்வந்து, அலுப்புத் தீர ஓர் இரவு தூங்கவேண்டும் என்றுதான் பலரும் அறை எடுக்கிறார்கள். ஆனால், தூக்கம் வந்தால்தானே? அடுத்த அறையில் சீட்டுக் கச்சேரி. மேல் மாடியில் யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள். தலைமாட்டுச் சுவருக்குள் குழாய்த் தண்ணீர் இரைகிறது.

அருவியும் ஓசைதானே, அது மட்டும் ஏன் தொந்தரவாக இல்லை? அருவியின் இரைச்சல் ஏற்றத்தாழ்வு இல்லாமல் ஒரே சீராக இருக்கிறது. காது அதற்குப் பழகிவிடும். திடீரென்று எழும் சிரிப்பும், காதில் விழுந்த பாதிப் பேச்சும்தான் மனிதனை எழுப்பிவிடுகின்றன.

விடுதியோடு நிற்கிற சங்கதி அல்ல இது. தென்காசி 2019 நவம்பர் 22 முதல் தனி மாவட்டத்தின் தலைநகர். இத்தகைய ஊரில் வீடும் கடையும் கல்யாண மண்டபமும் தோளோடு தோள் உரசி நிற்பது சகஜம். முகூர்த்த நாளில் மண்டபத்துக்கு அடுத்த வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் பாடு என்ன? படுக்கையில் கிடக்கும் முதியவரின் கதி என்ன?

கனமே காவல்

ஒலியைத் தடுப்பது சுவரின் கனம். கனமான சுவரை ஒலியால் எளிதில் அசைக்க முடியாது. சுவரின் எடை இரட்டித்தால் சுமார் 5 டெசிபல் தடுப்பு கூடும். பழைய வீடுகளின் தடித்த சுவர்கள் இந்தக் காவலைச் சொல்லாமலே செய்தன. இன்று கான்கிரீட் தூண்கள் பாரத்தைத் தாங்குகின்றன. அறைக்கும் அறைக்கும் நடுவே நாலரை அங்குலச் சுவர் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். இருபுறமும் நன்றாகப் பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் சுமார் 50 டெசிபல் தடுக்கும். சாதாரணப் பேச்சோ சுமார் 60 டெசிபல்தான். மிஞ்சுவது காதுக்கு எட்டுவதே அரிது.

ஓட்டை ஒன்று போதும்!

ஆனால், சுவர் தடித்திருந்து பயன் என்ன, ஓட்டை இருந்தால்? சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, 50 டெசிபல் தடுக்கவேண்டிய சுவர் 20 டெசிபல்தான் தடுக்கும். கதவின் அடியில் உள்ள சந்து, கதவுக்கு மேல் உள்ள வெண்டிலேட்டர், இரண்டு அறைகளுக்கும் முதுகோடு முதுகாகப் பதித்த சுவிட்சுப் பெட்டிகள், ஃபால்ஸ் சீலிங்கோடு நின்றுவிட்ட சுவர் – இவையெல்லாம் ஒலி நுழையும் வாசல்கள். கட்டும்போதே கொத்தனாரிடம் சொன்னால் பலவற்றை ஒரு கரண்டிக் கலவையால் அடைத்துவிடலாம்.

மாடியில் நடக்கும் ஓசை வேறு வகை. அது தளத்தின் வழியாகவே இறங்கி வரும். தரைக்கல் பதிக்குமுன் அடியில் மெத்தென்ற ஒரு படுகை விரித்தால் அது அடங்கும். கல் பதித்த பிறகு செய்யவேண்டுமானால் தரையையே பெயர்க்கவேண்டும்.

தெர்மோகோல் மயக்கம்

“பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று இருந்துவிட்டு, குடிபுகுந்த பின் சுவரில் தெர்மோகோலும் பஞ்சும் ஒட்டுகிறவர்கள் உண்டு. வீண் செலவு! பஞ்சு, அறைக்குள் எழும் எதிரொலியைக் குறைக்கும். அடுத்த அறைக்குப் போகும் ஒலியைத் தடுக்காது. தெர்மோகோல் அதைக்கூடச் செய்யாது. எளிதில் தீப்பிடிக்கும் அபாயம் வேறு.

“தென்றல் வீசும் ஊரில் ஜன்னலை அடைத்துக்கொண்டா கிடப்பது?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். காற்றை விடும் ஜன்னல் ஒலியையும் விடத்தான் செய்யும். அதற்குப் பரிகாரம் வரைபடத்தில் இருக்கிறது. படுக்கையறையைத் தெருப்பக்கம் வைக்காமல் பின்பக்கம் வைக்கலாம். இரு அறைகளுக்கு நடுவே அலமாரியை அமைக்கலாம். எதிரெதிர்க் கதவுகளைச் சற்று விலக்கலாம். கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் குழாய் செல்லாமல் பார்த்துக்கொள்ளலாம். காகிதத்தில் கோடு மாற்றுவதற்குக் காசு செலவில்லை.

யார் பொறுப்பு?

சட்டம் இல்லாமல் இல்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று எல்லை வகுத்திருக்கின்றன. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. இரைச்சலின்றி வாழ்வதும் உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது. கட்டிடங்களில் ஒலியைத் தடுப்பது எப்படி என்று 1962-லேயே இந்தியத் தர நிர்ணய நிறுவனம் நெறிமுறை வெளியிட்டிருக்கிறது.

ஆனால், பாதிக்கப்பட்டவர் ஒவ்வோர் இரவும் போலீசுக்கு டெலிபோன் செய்துகொண்டா இருப்பது? ஒலியை எழுப்புகிறவர்தான் அதை அடக்கவும் கடமைப்பட்டவர். கல்யாண மண்டபமும் விடுதியும் கட்ட அனுமதி கேட்கும்போது, கழிவுநீர் எங்கே போகும் என்று கேட்பதுபோல, ஒலி எங்கே போகும் என்றும் அதிகாரிகள் கேட்கவேண்டும். பதில் வரைபடத்தில் இருக்கவேண்டும். இல்லையேல், மண்டபக்காரர் மிச்சம் பிடித்த செங்கல்லுக்கு அடுத்த வீட்டுக்காரர் தம் தூக்கத்தால் விலை கொடுக்க நேரும்.

வீடு கட்டுகிறவர்களும் அஸ்திவாரம் தோண்டும் முன்பே ஒரு தடவை வரைபடத்தை எடுத்து, எந்த அறையில் யார் தூங்கப்போகிறார்கள் என்று பார்த்துவிடட்டும். சுவர் எழும்பிய பிறகு வருந்திப் பயனில்லை.