எட்டு மூளை இருந்தால் எட்டு மடங்கு வேகமா?

"எட்டு கோர் போன் சார்! வேகம் பிரமாதமாக இருக்கும்" என்கிறார் கடைக்காரர்.

பிள்ளையின் படிப்புக்காக ஒரு மாதச் சம்பளத்தோடு போன தகப்பனார் என்ன செய்கிறார்? ஆறு கோர் போனைக் கீழே வைக்கிறார். எட்டு கோர் போனை வாங்கி வருகிறார். ஆறை விட எட்டு பெரிது அல்லவா!

போன் விஷயத்தில் இந்தக் கணக்கு போதாது.

கோர் என்பது போனுக்குள் கணக்குப் போடும் மூளை. நகம் அளவுள்ள ஒரு சில்லுக்குள் இப்படிப் பல மூளைகள் இருக்கின்றன. எல்லாம் ஒரே மாதிரி அல்ல. சில மூளைகள் பெரியவை. வேகமாக வேலை செய்யும். பாட்டரியையும் மளமளவென்று தின்னும். மற்றவை சிறியவை. மெதுவாகச் செய்யும். கொஞ்சம் மின்சாரம் போதும்.

இங்கிலாந்தில் உள்ள ஆர்ம் கம்பெனி, பெரியதையும் சிறியதையும் இப்படிச் சேர்த்து வைக்கும் முறையை 2011-ல் அறிவித்தது. ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் தொழிற்சாலையில் 2019-ல் ஐபோன் எக்ஸ்.ஆர். செய்யத் தொடங்கினார்கள். அதில் மொத்தம் 6 மூளைகள். இரண்டு பெரியவை. நான்கு சிறியவை. (சில்லு தைவானில் செய்தது. இங்கே நம் பெண்கள் அதைப் போனாகப் பூட்டினார்கள்.)

யாருக்கு எந்த வேலை என்று பிரித்துக் கொடுப்பது யார்? போனுக்குள்ளேயே ஒரு மேஸ்திரி இருக்கிறார். ஆள் அல்ல, ஒரு புரோகிராம். அலாரம் அடிக்க வேண்டுமா? சிறிய மூளைக்குக் கொடுப்பார். படம் எடுத்து அதைத் தெளிவாக்க வேண்டுமா? பெரிய மூளையை எழுப்புவார்.

இரண்டு மூட்டை காய்

இந்த மேஸ்திரியின் வேலை எவ்வளவு கஷ்டம் என்று கல்யாண வீட்டில் பார்க்கலாம்.

இரண்டு மூட்டை காய் நறுக்க வேண்டும். ஒன்று 20 கிலோ. ஒன்று 10 கிலோ. ஒரு மூட்டையை ஒருவர்தான் முடிக்க வேண்டும். பெரியக்கா மணிக்கு 10 கிலோ நறுக்குவாள். சின்னப் பெண் 5 கிலோதான் நறுக்குவாள்.

பெரியக்கா தனியாகவே செய்தால் 3 மணி நேரம் ஆகும்.

சரி, துணைக்குச் சின்னப் பெண்ணும் வருகிறாள். பெரியக்கா கையில் கிடைத்த சின்ன மூட்டையை எடுத்துக் கொள்கிறாள். சும்மா இருக்கும் சின்னப் பெண்ணிடம் பெரிய மூட்டை போகிறது. பெரியக்கா ஒரு மணியில் முடித்துவிட்டு வெற்றிலை போடுகிறாள். சின்னப் பெண் முடிக்க 4 மணி நேரம்! ஆள் கூடியது; நேரமும் கூடியது. பல கல்யாண வீடுகளில் பந்தி தாமதமாவது இப்படித்தான்.

மூட்டையை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். இருவரும் 2 மணியில் முடித்துவிடுவார்கள்.

இது வேடிக்கைக் கணக்கு அல்ல. அமெரிக்கக் கணித அறிஞர் ரொனால்ட் கிரஹாம் 1966-ல் இதைப் போன்ற ஒன்றை நிரூபித்தார். எல்லா இயந்திரங்களும் ஒரே வேகமாக இருந்தால்கூட, ஒரு இயந்திரத்தைக் கூடுதலாகச் சேர்ப்பதால் வேலை முடியும் நேரம் நீண்டுவிடலாம் என்று காட்டினார். ஒரகடம் தொழிற்சாலைகளில் லைனில் நிற்பவர்களுக்கு இது புரியும். ஒரு இடத்தில் வேலை தேங்கி நிற்கும்போது, வேறு இடத்தில் பத்துப் பேரைச் சேர்த்து என்ன பயன்?

வைக்க இடம் வேண்டாமா?

இன்னொன்றும் இருக்கிறது. காய் நறுக்கப் பலகை வேண்டும், பாத்திரம் வேண்டும். போனில் அந்த இடத்துக்கு ராம் என்று பெயர். இடம் குறைவாக இருந்தால் ஒரு வேலையை மூடிவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்க முடியும். பாடத்தை விட்டுவிட்டு வாட்ஸ்அப் பார்த்துத் திரும்பினால், பாடம் முதலிலிருந்து திறக்கிறதே, பார்த்திருக்கிறீர்களா? பெரும்பாலும் மூளை மெதுவானதால் அல்ல; இடம் இல்லாததால்தான்.

ஒவ்வொரு மூளைக்கும் பக்கத்தில் சிறு சேமிப்பு இடம் ஒன்று தனியாக உண்டு. பாதி வேலையை ஒரு மூளையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால், பாத்திரத்தையும் தூக்கிக் கொண்டு போக வேண்டும். அதற்கும் நேரம் பிடிக்கும். நல்ல மேஸ்திரி அடிக்கடி ஆளை மாற்ற மாட்டார்.

அப்படியானால் எல்லா மூளையையும் பெரியதாகவே வைத்தால் என்ன? போன் அதிகம் சூடாகலாம். பாட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடலாம்.

எட்டு மூளையும் சிறியதாகவே உள்ள போன்களும் கடைக்கு வந்திருக்கின்றன. அவற்றுக்கும் "எட்டு கோர்" என்றுதான் பெயர். அது பொய் அல்ல. ஆனால் வாங்குகிறவருக்கு வேண்டிய செய்தி அதில் இல்லை. இரண்டு பெரிய மூளை உள்ள ஆறு கோர் போன் அதை முந்திவிடலாம்.

அரிசி மூட்டையில் எடை போடுகிறார்கள். மருந்துச் சீட்டில் தேதி போடுகிறார்கள். போன் பெட்டியின் மேல் "பெரிய மூளை இத்தனை, சிறிய மூளை இத்தனை, ராம் இவ்வளவு" என்று தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்? அரசாங்கம் இதைக் கட்டாயம் ஆக்க வேண்டும்.

அதுவரை, பணத்தை நீட்டும் முன்பு கடைக்காரரிடம் கேளுங்கள்: "எட்டில் பெரியது எத்தனை?"