மருந்துக்கடையில் மெதுவாகக் கேட்கும் மாத்திரை

மருந்துக்கடையில இந்தக் காட்சியை நீங்களும் பாத்திருப்பீங்க. ஒருத்தர் வருவார். கூட்டம் இருந்தா ஓரமா நின்னு செல்போனை நோண்டுவார். எல்லாரும் போனதும் கல்லாப் பக்கம் குனிஞ்சு மெதுவா ஏதோ சொல்லுவார். கடைக்காரர் ஒரு கேள்வியும் கேக்காம உள்ள போய் அட்டையில ரெண்டு மாத்திரையைக் கத்திரிச்சு, கவர்ல போட்டு நீட்டுவார். முப்பது செகண்ட்ல வியாபாரம் முடிஞ்சுது. தலைவலி மாத்திரை வாங்கறவர் கூட இதைவிட அதிகமா பேசுவார் :-)

விறைப்புக் குறைபாட்டு மாத்திரையைத்தான் சொல்றேன். சில்டெனாஃபில், டடாலாஃபில்னு வேற வேற மருந்து இருந்தாலும் நம்ம ஊர்ல எல்லாத்துக்கும் ஒரே பேரு, வயாகரா. சிட்டுக்குருவி லேகியம் காலத்துலேர்ந்து நாம இந்த விஷயத்துக்கு சிரிச்சுக்கிட்டுதான் இருக்கோம். நானும் சிரிச்சவன்தான், என் மாமாவுக்கு நெஞ்சுவலி வர்ற வரைக்கும்.

மாமாவுக்கு வயசு 58. பத்து வருஷமா சர்க்கரை. ஒரு ஞாயித்துக்கிழமை காலைல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டார். வேர்த்துக் கொட்டுது. எதிர்வீட்டுக்காரர், "எங்கிட்ட சார்பிட்ரேட் இருக்கு, நாக்குக்கு அடியில வைக்கலாம், இருங்க எடுத்துட்டு வரேன்"னு ஓடினார். அவர் திரும்பி வர்றதுக்குள்ள நான் வண்டியைக் கிளப்பிட்டேன். "ஒரு நிமிஷம் பொறுக்கக் கூடாதா?"ன்னு அத்தை வழியெல்லாம் திட்டிக்கிட்டே வந்தாங்க.

ஆஸ்பத்திரியில டியூட்டி டாக்டரம்மா ஈசிஜி எடுக்கச் சொல்லிட்டு கேட்டாங்க: "சார், ரெண்டு மூணு நாளைக்குள்ள விறைப்புக்கு ஏதாவது மாத்திரை போட்டீங்களா?" மாமா அத்தையைப் பாத்தார். என்னைப் பாத்தார். "சேச்சே, அதெல்லாம் கிடையாதும்மா." டாக்டர் ஒண்ணும் சொல்லல. எங்க பக்கம் திரும்பி, "நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருங்க"ன்னாங்க. அவ்வளவுதான்.

மூணு மாசம் கழிச்சு, மறுபரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போனப்ப மாமாவே ஆரம்பிச்சார். "அன்னிக்கு உங்க முன்னாடி பொய் சொல்லிட்டேன் மாப்ள. நீங்க வெளிய போனதும் உண்மையைச் சொன்னேன். முந்தின நாள் ராத்திரி ஒண்ணு போட்டிருந்தேன்."

அந்த ஒரு உண்மை ஏன் அவ்வளவு முக்கியம்? ரத்தக்குழாய் தளர்றதுக்கு சைக்ளிக் ஜிஎம்பின்னு ஒரு பொருள் வேணும். அதை அழிக்கறதுக்கு உடம்புல ஒரு நொதி இருக்கு. சில்டெனாஃபில் அந்த நொதியைத் தடுக்குது. சார்பிட்ரேட் மாதிரி நைட்ரேட் மருந்துகள் அதே பொருளை அதிகமா உண்டாக்குது. அதாவது ஒண்ணு குழாயைத் திறந்து விடுது, இன்னொண்ணு வடிகாலை அடைக்குது. தனித்தனியா ரெண்டும் நல்ல மருந்து. ஒண்ணா சேந்தா ரத்த அழுத்தம் ஒரேயடியா விழும், உயிரே போகலாம். சில்டெனாஃபில் போட்டு 24 மணி நேரம், டடாலாஃபில்னா 48 மணி நேரம் நைட்ரேட் பக்கமே போகக்கூடாது. வேடிக்கை என்னன்னா, சில்டெனாஃபிலை ஃபைசர் முதல்ல சோதிச்சதே நெஞ்சுவலிக்குத்தான். 1998ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது வேற வேலைக்கு!

எதிர்வீட்டுக்காரர் கொஞ்சம் வேகமா ஓடியிருந்தா என்ன ஆயிருக்கும்னு இப்பவும் நினைச்சுப் பாக்கப் பயமா இருக்கு.

மாமாவைத் திட்டி என்ன பண்ண? பத்து வருஷமா ஒரே சர்க்கரை டாக்டர். கண்ணைப் பாக்கறார், காலைப் பாக்கறார், இதை மட்டும் ஒருநாளும் கேட்டதில்ல. மாமாவும் வாயைத் திறந்ததில்ல. நண்பர் ஒருத்தர் பேர் சொன்னார், பஸ் ஸ்டாண்ட் கடையில 100 மில்லிகிராம் வாங்கினார். அதுதான் உச்சபட்ச டோஸ். வழக்கமா 50ல ஆரம்பிப்பாங்க, 65 தாண்டினவங்களுக்கும் ஈரல், சிறுநீரகத்துல கோளாறு இருக்கறவங்களுக்கும் 25லேர்ந்து. அட்டையில சிவப்புக் கோடு போட்டு டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு அச்சடிச்சிருக்கு. அதை யாரு படிக்கறா?

சரி, கடைக்காரர் கண்டிப்பா சீட்டு கேட்டா எல்லாம் சரியாயிடுமான்னு கேட்டா, எனக்கு நம்பிக்கை இல்ல. கூச்சப்படறவர் நேரா டிவி விளம்பர லேகியத்துக்குப் போவார். ஆண்மைக்குறைவைக் குணப்படுத்தறோம்னு விளம்பரம் பண்றதே 1954ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். விளம்பரம் நின்னுதா என்ன? 'மூலிகை மட்டுமே'ன்னு விக்கற சரக்குல சில்டெனாஃபிலையே ரகசியமாக் கலந்திருக்கறதை அமெரிக்க எஃப்டிஏ பலமுறை கண்டுபிடிச்சு எச்சரிச்சிருக்கு. மாத்திரையாவது என்ன முழுங்கறோம்னு தெரியும். இதுல அதுவும் தெரியாது.

அதனால என் கருத்து இதுதான்: டாக்டர்தான் முதல்ல கேக்கணும். அதுவும் தனியா. சர்க்கரை, பிரஷர்னு வர்ற ஒவ்வொரு ஆம்பளைகிட்டயும் காலைப் பாக்கற மாதிரி இதையும் சாதாரணமா கேட்டுடணும். இது வெறும் படுக்கையறைச் சமாச்சாரம் இல்ல. அந்த இடத்து ரத்தக்குழாய் இதயத்தோடதை விடச் சின்னது, அதனால அடைப்போட அறிகுறி பலருக்கு அங்கதான் முதல்ல தெரியும், நெஞ்சுவலிக்குச் சில வருஷம் முன்னாடியே. மாமாவுக்குப் பிரச்சனை ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் ஆயிருந்தது. அன்னிக்கே சொல்லியிருந்தா, ஸ்டென்ட் வைக்கற அளவுக்கு வராம இருந்திருக்கலாம்.

நம்ம பக்கத்துலயும் கொஞ்சம் வேலை இருக்கு:

போடறதுன்னு முடிவானா டாக்டர்கிட்ட இதயம், பிரஷர், ப்ராஸ்டேட் மருந்து எது சாப்பிட்டாலும் எல்லாத்தையும் சொல்லிடுங்க. டாம்சுலோசின் மாதிரி ப்ராஸ்டேட் மாத்திரையோட சேந்தாலும் பிரஷர் இறங்கும்.

பிரியாணியை ஒரு வெட்டு வெட்டிட்டு, 'வேலை செய்யலையே'ன்னு இன்னொரு சில்டெனாஃபில் போடாதீங்க. கொழுப்புச் சாப்பாடு அதைத் தாமதப்படுத்தும். ஒரு நாளைக்கு ஒண்ணுக்கு மேல கூடாது.

விறைப்பு 4 மணி நேரத்துக்கு மேல நீடிச்சாலோ, திடீர்னு பார்வையோ காதோ மங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி. அங்க கூச்சத்துக்கு இடமில்ல.

நெஞ்சுவலின்னா வீட்டுக்கை வைத்தியம் வேணாம். என்ன மாத்திரை, எப்ப போட்டோம்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க. வீட்டுல இருக்கறவங்க, டாக்டர் சொல்றதுக்கு முன்னாடியே ரெண்டு நிமிஷம் வெளிய போய் நின்னுடுங்க.

இதை எழுதட்டுமான்னு மாமாகிட்ட கேட்டேன். "பேரும் ஊரும் போடாத. மத்ததெல்லாம் எழுது"ன்னார். அத்தைக்குத் தெரியுமான்னு கேட்டதுக்கு சிரிச்சுட்டு, "அவளுக்கு அன்னிக்கே தெரியும்டா, நான்தான் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்"னார்.

டிஸ்கி: நான் பொட்டி தட்டறவன், டாக்டர் இல்ல. இதைப் படிச்சுட்டு மாத்திரை வாங்கவும் வேணாம், நிறுத்தவும் வேணாம். டாக்டரைப் போய்ப் பாருங்க. வெக்கமா இருந்தா கண்ணை மூடிக்கிட்டாவது சொல்லிடுங்க :-)