நின்றவருக்கும் இடமுண்டு

கடல் காணாத தோட்டத்தில் பாய்மரப் படகுப் போட்டியைப் பற்றி எழுதுவதேன் என்று பெற்றோர் சிலர் வினவக்கூடும். நாம் எழுதப் புகுந்தது நம் பள்ளி விளையாட்டு விதிகளைப் பற்றியே. அதற்குரிய சான்று கடலில்தான் கிடைத்தது.

பாய்மரப் படகுக்குக் காற்றே உந்துவிசை; அக்காற்றோ நிலையற்றது. விடியற்காலையில் சுமத்ராப் பக்கமிருந்து எழும் சூறைக்காற்று சிறிது நேரத்தில் மலாக்கா நீரிணையைக் கலக்கிவிடும். மழையால் பால்வெட்டு நின்றுபோன காலைகளை நம் பெரியோர் மறந்திருக்கமாட்டார்கள். 1988ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள், சியோல் ஒலிம்பிக்கின் படகுப் போட்டிகள் நடைபெற்ற பூசான் கடலிலும் வானிலை அவ்வாறே மாறியது. சுமார் 15 நாட் வேகத்தில் வீசிய காற்று 35 நாட் அளவுக்கு, அதாவது மணிக்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டராக உயர்ந்தது.

ஒருவரே செலுத்தும் ஃபின் படகுப் பிரிவில் கனடா நாட்டு லாரன்ஸ் லெமியூ இரண்டாம் இடத்தில் சென்றுகொண்டிருந்தார். வேறொரு பிரிவில் போட்டியிட்ட சிங்கப்பூர் வீரர் இருவரின் படகு கவிழ்ந்து கிடந்தது. ஒருவர் படகைப் பற்றியிருந்தார். மற்றவரை அலை இழுத்துச் சென்றது. லெமியூ பந்தயப் பாதையை விட்டு விலகி இருவரையும் காப்பாற்றினார்; மீட்புப் படகு வரும்வரை காத்திருந்து, அதன் பின்னரே பந்தயத்தைத் தொடர்ந்தார். அதற்குள் பலர் முந்திவிட்டனர்.

அவர்தம் இரக்கத்தை யாவரும் போற்றுவர். நாம் அதனினும் பெரிதாக மதிப்பது நடுவர் குழுவின் தீர்ப்பை. அப்பந்தயத்தில் அவருக்கு இரண்டாம் இடமே உரியது என்று அக்குழு முடிவு செய்தது. இது சலுகையன்று. ஆபத்திலிருப்போருக்கு இயன்ற உதவியெல்லாம் செய்தாக வேண்டும் என்பதே படகுப் பந்தய விதிகளில் முதலாவது. உதவியதால் இடமிழந்தவருக்கு ஈடு செய்யவும் அங்கே விதியுண்டு.

நம் திடலில் நிலைமை என்ன? இடறி விழுந்த தோழியைத் தூக்கிவிட நின்ற சிறுமிக்குக் கைதட்டுகிறோம். ஏட்டில் கடைசி இடம் என்று எழுதுகிறோம். இல்லப் புள்ளி போயிற்றே என்று உடன் பயிலும் பிள்ளைகளும் முகம் சுளிக்கின்றனர்.

நூறு மீட்டர் ஓட்டத்தில் இதனைக் கணிப்பது அரிது என்பர் ஆசிரியர்; உண்மையே. குறுக்கோட்டத்தில் அத்தடையில்லை. வழிநெடுக ஆசிரியர்கள் நின்று ஓடுவோரின் எண்களை வரிசையாகக் குறிக்கின்றனர். உதவி செய்ய நின்ற மாணவர் அதற்கு முன் எந்த இடத்தில் கடந்தாரோ, அந்த இடத்தையே அவருக்கு வழங்கலாம். எவரேனும் நடிப்பரோ என்ற ஐயத்தை அருகில் நிற்கும் ஆசிரியர் தீர்த்துவைப்பார்.

அடுத்த ஆண்டுக் குறுக்கோட்டத்திற்கு இவ்விதியைப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் முன்வைக்கவுள்ளோம். உடன்படாத பெற்றோர் அவசியம் வருகை தருமாறு வேண்டுகிறோம்.